பதினைந்தாவது நாற்காலி

திங்கட்கிழமை மதியம் இட்ஸெல் பர்ராகான் பழக் கிடங்கு வேலையை முடித்துக்கொண்டு நேராகக் கல்லூரிக்கு வந்தபோது, பீச் பழத் தோலின் பொடி ரோமம் இன்னும் அவள் கைகளில் அரித்துக்கொண்டிருந்தது. சொறிந்துகொண்டே இயற்பியல் ஆய்வகத்துக் கதவைப் பார்த்தாள். சொறிவது நின்றுவிட்டது.

கதவில் ஒரு தாள். 'இயற்பியல் மூன்று: ஒளி, வெப்பம், நவீன இயற்பியல். திங்கள், புதன் மாலை. பதிவு செய்தவர்கள் ஒன்பது பேர். வெள்ளி நண்பகலுக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் வகுப்பு ரத்து.' கீழே டீன் லொரெய்ன் ப்ரூயிட்டின் கையெழுத்து.

உள்ளே பேராசிரியர் ஹைக் டெர்சியான் ஒரு பழைய லேசர் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுத் தொலைந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ப்ரொஃபசர், கதவுல என்ன ஒட்டியிருக்கீங்க?"

"நான் ஒட்டலம்மா. நான் ஒட்டினா அதுல நாலு சமன்பாடாவது இருந்திருக்கும்."

"விளையாடாதீங்க. இந்த வகுப்பு இல்லன்னா நான் என்ன பண்றது?"

அவர் திருகாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அவருக்கும் தெரியும். இந்த ஆல்டா சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, கடற்கரைப் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேர்வது அவள் திட்டம். பாடம், பயன்பாட்டு இயற்பியல். அங்கே நுழைய வேண்டுமானால் மூன்று இயற்பியல் பாடங்களையும் இங்கேயே முடித்திருக்க வேண்டும். இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவது பாடம் வருடத்துக்கு ஒரே தடவை, இலையுதிர் பருவத்தில்தான் நடக்கும். நவம்பரில் விண்ணப்பம் போடும்போது அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று காட்டவேண்டும். வகுப்பு இல்லையென்றால் விண்ணப்பம் இல்லை. ஒரு வருடம் போச்சு. கிடங்கில் ஒரு வருடம்தானே என்று நின்றவர்கள் பலர் இன்னும் அங்கேதான் பழம் பொறுக்குகிறார்கள்.

"ஃப்ரெஸ்னோ கல்லூரியில இதே பாடம் காலையில நடக்குதே" என்றார் டெர்சியான்.

"காலையில நான் கிடங்குல. வண்டி அப்பாகிட்ட."

"அப்ப ஆள் பிடிக்கணும்."

"எங்கே பிடிக்கறது? நுண்கணிதமும் மின்னியலும் பாஸ் பண்ணினவங்கதானே சேர முடியும்? அந்த ஆளுங்க என்ன பஸ் ஸ்டாப்லயா நிக்கறாங்க?"

"நிக்கறாங்க. பஸ் ஸ்டாப்ல, சந்தையில, கூரை மேல. இருபத்தோரு வருஷமா நான் பாஸ் போட்டு அனுப்பின பசங்க எல்லாம் இந்த மாவட்டத்துலதான் சுத்திக்கிட்டிருக்காங்க. ஒருதடவை பாஸ் பண்ணினா அந்த மதிப்பெண் கெட்டுப்போகாது. வா, உட்காரு. யார் யாருன்னு யோசிப்போம்."

உட்காருவதற்கு முன்னால் அவள் டீன் அறைக்குப் போனாள். மிஸஸ் ப்ரூயிட் கெட்டவர் இல்லை. மேசை மேல் சாக்லேட் கிண்ணம் வைத்திருப்பார், யார் வந்தாலும் நீட்டுவார்.

"ஒன்பது பேருக்காக ஒரு மாலை வகுப்பை நடத்தினா, செவிலியர் வகுப்புக்கு வாசல்ல நிக்கிற அறுபது பேர் என்னைக் கேக்கமாட்டாங்களா? நீயே சொல்லு."

"பதினஞ்சு பேர் வந்தா?"

"வந்தா நடக்கும். ஆனா கண்ணு, இயற்பியல் படிக்கிறவங்க பெரும்பாலும் ஃப்ரெஸ்னோ போயிடறாங்க. நம்ம ஊருக்கு இது கொஞ்சம் அதிகம்தானோ என்னமோ."

இட்ஸெல் சாக்லேட்டை எடுக்கவில்லை. நம்ம ஊருக்கு அதிகமா? அவள் நிற்கும் கிடங்கில் ஓர் இயந்திரம் இருக்கிறது. பழத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, வெட்டாமலே அதன் இனிப்பைச் சொல்லிவிடும். அது மக்கர் பண்ணினால் வெளியூரிலிருந்து ஒருவர் விமானத்தில் வருவார், திரை போட்டு மறைத்துக்கொண்டு சரிசெய்வார், போய்விடுவார். பழம் எங்கள் பழம், வெயில் எங்கள் வெயில், இனிப்பைச் சொல்ல மட்டும் வெளியாளா? அதை முதல்முறை பார்த்த அன்றைக்குத்தான் அவள் இயற்பியலைப் பிடித்தாள்.

"வெள்ளிக்கிழமை பதினஞ்சோட வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மாலையே வேட்டை தொடங்கியது. அப்பா ரொஹேலியோ பால் பண்ணையில் அதிகாலை முறை மாடு கறப்பவர். மாலையில் அவருடைய பழைய பிக்கப் வண்டி சும்மா நிற்கும். சாவியைக் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாரையாவது கடத்தப் போறியா மகளே?"

"படிக்கறதுக்குத்தாம்ப்பா."

"அப்ப பெட்ரோல் இருக்கு."

முதல் ஆள் பெங் லோர். மின்னியல் ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை. மருந்தியல் படிக்கப்போகிறேன் என்று அண்ணன் சொல்படி இயற்பியலை விட்டவன். சாயங்காலச் சந்தையில் அம்மாவுடன் பாகற்காயும் எலுமிச்சைப் புல்லும் விற்றுக்கொண்டிருந்தான்.

"என்ன இட்ஸெல், பாகற்காயா? உன் முகத்துக்கு ஏத்ததுதான்."

"காய் வேணாம், நீதான் வேணும். இயற்பியல் மூணு. திங்கள், புதன்."

"எனக்கு அந்தப் பாடம் தேவையே இல்லையே."

"தேவை இல்லாததெல்லாம் நீ பண்றதே இல்லையா? மின்னியல்ல கம்பிச் சுருளை ஏழு தடவை சுத்தினியே, யார் கேட்டா?"

"அது சரியா வரலை. வர்ற வரைக்கும் எப்படி விடறது?"

"அதையேதான் நானும் சொல்றேன்."

பெங்கின் அம்மா எலுமிச்சைப் புல்லைக் கட்டிக்கொண்டே மகனிடம் ஏதோ சொன்னாள். அவன் காது சிவந்துவிட்டது.

"என்ன சொல்றாங்க?"

"வீட்டுல கதவு மணியைக் கழட்டிப் போட்டு ஆறு மாசமாச்சு, இந்தப் பொண்ணு கூடப் போய் அதையாவது மாட்டக் கத்துக்கோன்னு."

பெங் சேர்ந்தான். அவனோடு, ஃப்ரெஸ்னோவில் பாதிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கிடந்த அவன் மாமா மகனும் சேர்ந்தான். செவ்வாயன்று, ஒரு வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்திக்கொண்டிருந்த இரட்டையரைக் கீழே இருந்து கத்திக் கூப்பிட்டுச் சம்மதம் வாங்கினாள். "நீ பொருத்தற தகட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமலே சாகப்போறியா?" என்று கேட்டதில் ஒருவன் விழுந்தான். கூரையிலிருந்து இல்லை, பேச்சில்தான். மற்றவன், அவன் போனால் நானும் போவேன் என்றான். புதனன்று வெல்டிங் பட்டறையில் கெய்லா. கடற்படையில் இருந்து வந்தவள், மின்னியலைக் கப்பலிலேயே முடித்தவள், முகக் கவசத்தைத் தூக்காமலே "சரி" என்றாள். வியாழனன்று சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் எஃப்ராயின் சோலிஸ். நாற்பது வயது. மெக்ஸிகோவில் மோரேலியா நகரத்தில் பொறியியல் படித்தவர்.

"என்னை யாரும் வகுப்புக்குக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா பொண்ணே" என்று மட்டும் சொன்னார். மண்வெட்டியை நிலத்தில் குத்திவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே போனில் பதிவு செய்தார்.

பதினைந்து!

அன்று இரவு ரொஹேலியோ இனிப்பு ரொட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தார். "எல்லாரும் ஒழுங்கா இருப்பாங்களா?" என்று கேட்டார். "மாடு மாதிரி ஒழுங்கா இருப்பாங்கப்பா." "அப்ப உதை வாங்கத் தயாரா இரு."

உதை மறுநாளே விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கிடங்கில் விடுப்பு கேட்டிருந்தாள். காலையில் கல்லூரிக் கணினியைத் திறந்தால் எண்ணிக்கை பன்னிரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பன்னிரண்டேதான். வெளியிடத்தில் படித்த மூன்று பேரையும் கணினி இரவோடு இரவாகத் துரத்திவிட்டிருந்தது. இந்தக் கல்லூரியின் மதிப்பெண் இருந்தால்தான் கதவு திறக்கும். வெளி மதிப்பெண் என்றால் ஆசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதி தரவேண்டும். இங்கே படிக்கிற எல்லோருக்கும் முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம். ஆள் சேர்ந்த சந்தோஷத்தில் அவள் கேட்கவே மறந்துவிட்டாள்.

டெர்சியான் ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். கெய்லாவின் கடற்படைச் சான்றும் பெங்கின் மாமா மகனுடைய ஃப்ரெஸ்னோ மதிப்பெண்ணும் போனிலேயே வந்துவிட்டன. அவர் பார்த்து இருவரையும் உள்ளே விட்டார். எஃப்ராயினுடையது வரவில்லை. மோரேலியாவிலிருந்து எடுத்து, மொழிபெயர்த்து, மதிப்பிட்டு அனுப்ப மாதங்கள் ஆகும்.

"பதினாலு" என்றாள் இட்ஸெல். "யாரை விட்டோம் ப்ரொஃபசர்? இன்னும் ஒருத்தர் சொல்லுங்க."

டெர்சியான் தலையைச் சொறிந்தார். "ஒருத்தன் இருக்கான். உனக்குப் பிடிக்காது."

"நெல்சன் சில்வேரா."

"அவனேதான்."

நெல்சன் சில்வேரா மின்னியலில் முதல் மதிப்பெண். இட்ஸெல் இரண்டாவது, அரை மதிப்பெண் குறைவு. இந்தக் கல்லூரியை, பள்ளிக்கூடத்தில் இன்னொரு வருடம் என்கிற மாதிரி, 'பதிமூணாங் கிளாஸ்' என்று கேலி பேசுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். ஃப்ரெஸ்னோவில் சேர்ந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. போதாக்குறைக்கு, அவள் அப்பா மாடு கறப்பது அவன் அப்பாவின் பண்ணையில். முதலாளி வீட்டுப் பையனிடம் போய் நிற்கவேண்டும்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு கல்லூரிப் பேருந்து நிறுத்தத்துக்குக்கூடப் போகாமல், "உங்க காரை எடுங்க ப்ரொஃபசர்" என்றாள்.

நண்பகலுக்கு முக்கால் மணி இருந்தபோது பண்ணைக்குள் நுழைந்தார்கள். கறவைக் கூடத்தின் நடுப் பள்ளத்தில் நின்று கறக்கும் ஆட்கள், மேலே இருபுறமும் வரிசையாக மாடுகள். ரொஹேலியோ முறை முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நெல்சன் முழங்கால் வரை ரப்பர் காலணியோடு ஒரு கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"பாருடா யாரு வந்திருக்காங்கன்னு" என்றான் நெல்சன், கன்றிடம். "ரெண்டாவது மார்க்."

"அரை மார்க்குடா. அதுவும் நீ அலகு எழுத மறந்ததை அவர் பார்க்கலை."

"பார்த்தேன்" என்றார் டெர்சியான் பின்னாலிருந்து. "மனசு வரலை."

"நெல்சன், நேரா கேக்கறேன். இயற்பியல் மூணுக்கு ஒரு ஆள் குறையுது. பன்னண்டு மணிக்குள்ள நீ சேர்ந்தா வகுப்பு நடக்கும். இல்லன்னா பதினாலு பேரோட வருஷம் போச்சு. என்னோடதும் போச்சு."

"பதிமூணாங் கிளாஸுக்கா வரச் சொல்றே?"

அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "ஆமா. அந்தப் பதிமூணாங் கிளாஸ்லதான் நீ மின்னியல் கத்துக்கிட்டே. ஃப்ரெஸ்னோவுல இருநூறு பேர் நடுவுல உட்காருவே. இங்கே லேசரை உன் கையால திருப்புவே. எது வேணும்னு நீயே சொல்லு."

கன்று புட்டியை முட்டியது. அவன் அதன் நெற்றியைத் தடவினான்.

"எனக்கு வர ஆசை இல்லாம இல்ல" என்றான், மெதுவாக. "மாலை வகுப்புன்னாலதான் ஃப்ரெஸ்னோ போனேன். சாயங்காலக் கறவை என்னோடது. ஆள் கிடைக்கலை. படிப்பு வேணும்னா காலையில படின்னுட்டார் அப்பா. அவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் சும்மா வாய்."

தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. ரொஹேலியோ பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்.

"திங்கள், புதன் சாயங்காலம் நான் கறக்கறேன்."

"அப்பா! விடியக்காலையும் நின்னுட்டு, சாயங்காலமுமா?"

"உன்கிட்ட கேக்கலை மகளே. ரெண்டு ஆம்பளைங்க வேலை பேசறோம்."

நெல்சன் மறுத்துத் தலையாட்டினான். பண்ணையில் பெரியவர்களை மரியாதையாக 'டான்' என்றுதான் கூப்பிடுவார்கள். "வேணாம் டான் ரொஹேலியோ. எனக்காக நீங்க ரெட்டை முறை நிக்கறதா? ஊரு என்ன சொல்லும்?"

"சும்மா நிக்கமாட்டேன். செவ்வாயும் வியாழனும் விடியக்காலை நீ எழுந்திரிச்சு என் முறையைப் பண்ணு. முறைக்கு முறை. நான் உனக்குக் கடன் இல்ல, நீ எனக்குக் கடன் இல்ல."

"உங்க முறை மாடுங்க என்னைக் கிட்ட விடுமா?"

"உதைக்கும். நீ பாடக் கத்துக்கோ. நான் பாடினாத்தான் அதுங்க நிக்கும்."

நெல்சன் சிரித்துவிட்டான். பெரிய சில்வேரா அலுவலக வாசலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். "பால் குறையக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சம்மதம் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

"சேர்த்து விடு" என்று போனை இட்ஸெலிடம் நீட்டினான் நெல்சன். "என் கை பூரா சாணி."

"கடவுச்சொல்?"

அவன் பக்கத்தில் நின்ற மாட்டைப் பார்த்தான். "டுக்கேசா."

"மாட்டுப் பேரையாடா வச்சிருக்கே?"

"வேற யாரு பேரை வைக்கச் சொல்றே?"

டெர்சியான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. பதினைந்து.

சாணி ஒட்டிய காலணியோடுதான் டீன் அறைக்குள் நுழைந்தாள். மிஸஸ் ப்ரூயிட் கணினியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தரைவிரிப்பைப் பார்த்தார்.

"காகிதத்துல பதினஞ்சு சரி. முதல் நாள் வராத பேரை அடிச்சிடுவோம், உனக்குத் தெரியும். திங்கட்கிழமை நாற்காலியில பதினஞ்சு வேணும். நானே வந்து எண்ணுவேன்."

"எண்ணுங்க மேடம். நல்லா எண்ணுங்க."

திங்கள் மாலை வந்தது. ஆய்வகத்தின் முன் வரிசையில் பெங், மாமா மகனோடு. அவனுக்குப் பின்னால் இரட்டையர், வெயிலில் தோல் உரிந்த மூக்குகளோடு. கெய்லா கவசம் இல்லாமல் வந்ததால் முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்த எட்டுப் பேரும் ஆச்சரியத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இட்ஸெல் உட்காராமல் வாசலிலேயே நின்றாள். டீன் வந்துவிட்டார். விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார். நெல்சனைக் காணோம்.

"பதினாலு" என்றார் மிஸஸ் ப்ரூயிட். அந்தக் குரலில் மகிழ்ச்சி இல்லை என்பதை இட்ஸெல் கவனித்தாள்.

வாகன நிறுத்தத்தில் ஒரு லாரி சரளைக்கல் தெறிக்கத் திரும்பி நின்றது. நெல்சன் ஓடி வந்தான். தலைமுடி ஈரம், சட்டை பின்பக்கம் முன்பக்கமாக.

"சாரி, சாரி. கன்னு போடற மாடு, நான் குளிக்கற நேரம் பார்த்தா ஆரம்பிக்கணும்? டான் ரொஹேலியோதான் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிவிட்டார்."

"பதினஞ்சு" என்றார் டீன்.

"பதினாறு" என்றது அவன் பின்னால் ஒரு குரல்.

எஃப்ராயின் சோலிஸ். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் புதிய நோட்டு. "என் பேர் உள்ளே இல்லன்னு தெரியும். மதிப்பெண் வேணாம். பின்னாடி சும்மா உட்கார்ந்து கேட்டுட்டுப் போறேன். மோரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கேன், வர்றப்ப வரட்டும்."

எல்லோரும் டீனைப் பார்த்தார்கள். மிஸஸ் ப்ரூயிட் மூலையில் கிடந்த ஒரு நாற்காலியைத் தானே இழுத்துவந்து கடைசி வரிசையில் போட்டார். வெளியே போகும்போது இட்ஸெலின் பக்கத்தில் நின்றார்.

"நம்ம ஊருக்கு அதிகம்னு சொன்னேன் இல்ல? அதைத் திரும்ப வாங்கிக்கறேன்."

டெர்சியான் பெயர் வாசிக்கத் தொடங்கியபோது இட்ஸெலின் பையில் போன் அதிர்ந்தது. அப்பா. கறவைக்கு நடுவில் ஒருநாளும் கூப்பிடாத மனிதர். மேசைக்கு அடியில் எடுத்தாள்.

"நடக்குதா?" என்றார் ரொஹேலியோ. பின்னால் மாடுகளின் குளம்பொலி, கறவை இயந்திரத்தின் டிக் டிக், யாரோ வைத்த பாட்டு.

"நடக்குதுப்பா."

"இட்ஸெல் பர்ராகான்" என்று வாசித்தார் டெர்சியான். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போனா?"

"எங்கப்பா, ப்ரொஃபசர். நெல்சன் முறையில நிக்கறார்."

டெர்சியான் நடந்து வந்து போனை வாங்கி, ஒலிபெருக்கியைப் போட்டு, மேசை நடுவில் வைத்தார். விளக்குகளை அணைத்தார். பழுது பார்த்த லேசரை ஒரு கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் பாய்ச்சினார். எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். தண்ணீருக்குள் ஒன்றுமே தெரியவில்லை.

"சுத்தமான தண்ணியில ஒளி போற வழி நமக்குத் தெரியாது. அது பக்கவாட்டுல நம்ம கண்ணுக்கு வரணும்னா நடுவுல ஏதாவது மறிக்கணும்" என்றபடி ஒரு சொட்டுப் பாலைத் தொட்டிக்குள் விட்டார். கலக்கினார்.

தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சிவப்புக் கம்பி பளிச்சென்று நின்றது. யாரோ "அட" என்றார்கள். நெல்சன்தான்.

"மிஸ்டர் பர்ராகான், கேக்குதா?" டெர்சியான் போனைப் பார்த்துக் குனிந்தார். "இங்கே உங்க பொண்ணோட வகுப்புல இப்பதான் வெளிச்சம் தெரிஞ்சது. ஒரு சொட்டுப் பாலாலதான். அனேகமா நீங்க கறந்ததா இருக்கும்."

மறுமுனையில் குளம்பொலியும் பாட்டும் கேட்டன. பிறகு ரொஹேலியோவின் குரல், போனிடம் இல்லை, கறவைக் கூடத்தின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரி:

"டேய், அந்தப் பாட்டை நிறுத்துங்கடா! என் பொண்ணுக்கு வகுப்பு நடக்குது!"